கடலூரிலிருந்து ஒரு கல் தோரணம் வரை: சத்தமில்லாத பாலைவன நடை

தேவனாம்பட்டினத்தான் (கடலூர்) | ஞாயிறு காலை 7.40

பத்து நாள் முன்னால்தான் ஊர் திரும்பினோம். மகள் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். மூன்று மாதம் அவள் வீட்டில் இருந்ததில் மனதில் ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு காலைப்பொழுது. போகிறவர்களுக்கு உதவும் என்று இங்கே எழுதிவைக்கிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஓய்வு பெற்றவன்.

யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சின்ன ஊர். சால்ட் லேக்கிலிருந்து காரில் நான்கு மணி நேரம். ஊரை ஒட்டியே ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. இயற்கையாக உண்டான கல் தோரணங்கள் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. முதல் நாள் அங்கே டெலிகேட் ஆர்ச் பார்த்தோம். அந்த மாநிலத்து வண்டிகளின் நம்பர் பிளேட்டில் அச்சடித்திருக்கிற தோரணம் அதுதான். அழகு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் நின்று படம் எடுக்க வரிசை! வைகுண்ட ஏகாதசிக்குத் திருவந்திபுரத்தில் நின்ற மாதிரி இருந்தது.

மறுநாள் மகள், "பூங்காவுக்கு வெளியே ஒன்று இருக்கிறது அப்பா, கூட்டம் குறைவு, பேர் கரோனா ஆர்ச்" என்றாள். வீட்டுக்காரி உடனே, "அந்தப் பேர் வைத்த இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். கரோனா என்றால் கிரீடம் என்று விளக்கி, ஒருவழியாகக் கிளப்பினோம்.

கொலராடோ ஆற்றை ஒட்டிப் போகிற 279-ஆம் எண் சாலையில் பத்து மைல் போனால் நடைபாதை தொடங்குகிறது. போக வர 3 மைல், சுமார் ஐந்து கி.மீ. கட்டணம் கிடையாது. அக்டோபர் கடைசி, வாரநாள், காலை எட்டு மணி. ஸ்வெட்டர், மங்கி குல்லாய் எல்லாம் மாட்டிக்கொண்டோம். அங்கே குடிதண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு மூன்று லிட்டர் தூக்கிக்கொண்டோம்.

கொஞ்சம் ஏறியதும் ஒரு ரயில் பாதையைக் கடக்க வேண்டும். இந்தப் பொட்டல்காட்டில் ரயில் எதற்கு என்றால், பொட்டாஷ் ஏற்றிப் போகிற சரக்கு வண்டிக்காம். நாம் நெல்லுக்கும் கரும்புக்கும் போடுகிறோமே, அதே பொட்டாஷ். பூமிக்கடியில் கிடக்கிற உப்பை ஆற்றுத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மேலே கொண்டுவந்து, பாத்தி பாத்தியாகக் காயவைக்கிறார்கள். மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்தவனுக்கு அது புதிதில்லை. சீக்கிரம் காயட்டும் என்று தண்ணீரில் நீலச் சாயம் கலப்பதுதான் எனக்குப் புதிது. செம்மண் மலைகளுக்கு நடுவே அந்த நீலம், யாரோ அழுக்கு வேட்டியில் சொட்டு நீலத்தைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கிறது.

அதற்கப்புறம் மண் முடிந்து வெறும் பாறை. பாதை கண்ணுக்குத் தெரியாது. அங்கங்கே அடுக்கி வைத்திருக்கிற கற்கள்தான் அடையாளம். அதைப் பார்த்ததும் வீட்டுக்காரி குனிந்து அவள் பங்குக்கு நாலு கல்லை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நம் ஊர் மலைக்கோயில் வழிகளில் வீடு கட்ட வேண்டிக்கொண்டு அடுக்குவார்களே, அந்த நினைப்பு. மகள் பதறி ஓடிவந்து கலைத்தாள். தப்பான இடத்தில் ஒரு அடுக்கு இருந்தால் பின்னால் வருகிறவன் வழி தவறிவிடுவானாம். "எனக்கு வீடு வேண்டாமா?" என்று அவள் கேட்க, "கடலூரில்தான் ஒன்று இருக்கிறதே" என்று நான் சொல்ல, அந்த இடத்திலேயே ஒரு சின்னச் சண்டை.

வழுக்குகிற இரண்டு இடங்களில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். ஒரு சின்ன ஏணியும் உண்டு. அதைத் தாண்டித் திரும்பினால், எதிரே தோரணம். நடுவில் இருக்கிற திறப்பு மட்டும் 140 அடிக்கு 105 அடி. பாடலீஸ்வரர் கோயில் ராஜகோபுரத்தை அப்படியே உள்ளே கொண்டுபோய் நிறுத்தலாம் போலிருந்தது. பக்கத்திலேயே 'போ டை ஆர்ச்' என்று இன்னொன்று, மேற்கூரையில் ஓட்டை விழுந்த மாதிரி.

நான் எழுத வந்தது அதன் அளவைப் பற்றி இல்லை. அடியில் போய் உட்கார்ந்தோம். எங்களைத் தவிர யாரும் இல்லை. சத்தமும் இல்லை. நான் பிறந்ததிலிருந்து கடல் இரைச்சலைக் கேட்டுத் தூங்கியவன். அது நின்றால் எப்படி இருக்கும் என்று அறுபத்திரண்டு வயது வரை தெரியாமல் இருந்திருக்கிறேன். முதலில் காது அடைத்துக்கொண்டதோ என்று சந்தேகப்பட்டு, விரலைவிட்டுக் குடைந்து பார்த்தேன். அப்புறம் கைக்கடிகாரம் ஓடுவது கேட்டது. ஒரு அண்டங்காக்கை மேலே பறந்தது, அது சிறகடிக்கிற சத்தம், விசிறிமட்டையை வீசுகிற மாதிரி, தெளிவாகக் கேட்டது. ஊரில் லட்சம் காக்கை பார்த்திருக்கிறேன், சிறகுக்குச் சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரியும்.

முந்திரிக்காடு (பண்ருட்டி) | ஞாயிறு காலை 9.15

அருமை சார். அடுத்த ஏப்ரலில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறோம். அப்பாவுக்கு 68, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏணி எவ்வளவு உயரம்? அம்மாவால் முடியுமா?

தேவனாம்பட்டினத்தான் | ஞாயிறு காலை 10.02

அப்பாவை அழைத்துப் போங்கள், அம்மாவுக்கு இது வேண்டாம் தம்பி. ஏணி சின்னதுதான், ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற சரிவுப் பாறை முழங்காலைக் கேட்காமல் விடாது. பூங்காவுக்குள் டபுள் ஆர்ச் என்று ஒன்று இருக்கிறது. வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து போக வர அரை மைலுக்குக் கொஞ்சம் கூட, ஏறக்குறைய சமதளம். அம்மாவை அங்கே கூட்டிப் போங்கள். இன்னொன்று, கூட்டத்தைச் சமாளிக்க 2022-ல் அந்தப் பூங்காவுக்கு நேரம் குறித்த முன்பதிவு கொண்டுவந்தார்கள். நீங்கள் போகிற வருடம் விதி என்ன என்று தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நல்ல செருப்பு போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஷூ வேண்டும், அடிப்பகுதி தேயாத ஷூ.

கெடிலக்கரை (கடலூர் திருப்பாப்புலியூர்) | ஞாயிறு மதியம் 1.30

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓட்டை விழுந்த ஒரு கல்லைப் பார்க்க இத்தனை ஆயிரம் மைலா? திருப்பதி மலையில் சிலாதோரணம் இருக்கிறது. எத்தனை தடவை பெருமாளைச் சேவித்துவிட்டு அதைப் பார்க்காமலே இறங்கி வந்தீர்கள்? சரி, அதை விடுங்கள். திருவக்கரை போயிருக்கிறீர்களா? புதுச்சேரியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மரம் கல்லாகிக் கிடக்கிறது. அமெரிக்கக்காரன் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளக்கிறான், நமக்குப் பேருந்து நிறுத்தம் தெரியாது.

தேவனாம்பட்டினத்தான் | ஞாயிறு மதியம் 2.10

சிலாதோரணம் பார்த்திருக்கிறேன், 1994-ல். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, பின்னால் வருகிறவர் தள்ள, அரை நிமிடம். திருவக்கரை போனதில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

கல்லுளி (புதுச்சேரி லாஸ்பேட்டை) | ஞாயிறு மாலை 5.45

கல்லூரியில் நிலவியல் (ஜியாலஜி) சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கெடிலக்கரை தம்பி கிண்டலாகக் கேட்டதற்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. அங்கேயும் மணற்கல், இங்கேயும் மணற்கல். நம் கல்லுக்கு நிலவியல்காரர்கள் வைத்திருக்கிற பெயரே 'கடலூர் மணற்கல்'. அப்படியிருக்க, அங்கே ஏன் தோரணம், நம் கடலூர் கேப்பர் மலையில் ஏன் இல்லை?

மோவாப் பக்கம் சுமார் 30 கோடி ஆண்டுக்கு முன்னால் கடல். அது திரும்பத் திரும்ப வற்றி, ஆயிரக்கணக்கான அடி உப்பு படிந்தது. சார் பார்த்த பொட்டாஷ் அதில் ஒரு பங்கு. அதன்மேல் மணலும் வண்டலும் படிந்து கல்லாகி அழுத்தின. உப்புக்கு ஒரு குணம், மேலே பாரம் ஏறினால் பிசைந்த மாவு மாதிரி மெதுவாக நகரும். பாரம் குறைந்த பக்கம் போய்ப் புடைத்துக்கொள்ளும். அப்படிப் புடைத்தபோது மேலே இருந்த கல் வரிவரியாக விரிசல் விட்டது. விரிசல்கள் அகன்று, நடுவில் மெல்லிய கல் சுவர்கள் நின்றன. அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் தோரணம். பூங்காவில் உள்ள தோரணங்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஓட்டை போட்டது காற்று என்று பலர் எழுதுகிறார்கள். காற்றின் பங்கு மிகச் சொற்பம். தண்ணீர்தான். மணலை மணலோடு ஒட்டிவைத்திருக்கிற சுண்ணாம்புப் பசையை மழைநீர் கரைக்கும். குளிர்கால இரவில் விரிசலுக்குள் தேங்கிய நீர் உறைந்து பருத்துக் கல்லை நெம்பும். மழை குறைவு என்பதால் இது நிதானமாக நடக்கிறது. ஆறு ஓடிக் குடைந்திருந்தால் அதைத் தோரணம் என்று சொல்வதில்லை, இயற்கைப் பாலம் என்பார்கள்.

கரோனா நிற்பது நவாஹோ மணற்கல்லில். பாறையில் சாய்வான கோடுகள் பார்த்திருப்பீர்களே சார், கோலத்தில் இழுத்த இழை மாதிரி? அவை 19 கோடி ஆண்டுக்கு முந்தைய மணல்மேடுகளின் சரிவுகள். இன்றைய பாலைவனத்தில் நடந்துகொண்டே பழைய பாலைவனத்தின் மேல் கால் வைத்திருக்கிறீர்கள்.

நம் கடலூர் மணற்கல் அதோடு பார்த்தால் பச்சைக் குழந்தை. பசை பலவீனம், பல இடங்களில் கையால் தேய்த்தாலே உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழைக்குச் சுவராக நிற்க அதற்குத் தெம்பில்லை. அதனால் ஓட்டைக்குப் பதில் ஓடை. பொம்மையார்பாளையம், ஆரோவில் பக்கம் செம்மண் பள்ளங்களைப் பாருங்கள், ஒவ்வொரு மழைக்கும் ஆழமாகும். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு முழுக்க மொட்டை. வரப்புக் கட்டி மரம் வைத்துத்தான் மண்ணை நிறுத்தினார்கள். பொலபொலவென்று இருப்பதால் நம் கல்லுக்கு ஒரு லாபமும் உண்டு, தண்ணீரை நன்றாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாம் ஆழ்துளைக் கிணறு போட்டு எடுப்பதில் பெரும்பங்கு அதிலிருந்து வருவதுதான். நெய்வேலி நிலக்கரி கிடப்பதும், திருவக்கரைக் கல்மரங்கள் கிடப்பதும் அதே கல் வரிசையில்தான்.

சிலாதோரணம் இரண்டிலும் சேராது. அது மணற்கல் வெந்து இறுகிய குவார்ட்சைட், மிக மிகப் பழையது. சுமார் 25 அடி அகலம், 10 அடி உயரம். சின்னதுதான், ஆனால் உறுதி.

முந்திரிக்காடு | ஞாயிறு மாலை 6.20

ஐயா, அப்படியானால் இந்தத் தோரணங்கள் ஒருநாள் விழுந்துவிடுமா?

கல்லுளி | ஞாயிறு மாலை 6.48

விழும். விழுந்துகொண்டும் இருக்கிறது. அந்தப் பூங்காவிலேயே லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்று 306 அடி நீளத்துக்குப் பாய்ந்த ஒன்று, நடுவில் நாடா மாதிரி மெலிந்துவிட்டது. 1991-ல் அதன் அடியிலிருந்து 60 அடி நீளத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் கல் முறிகிற சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அதிலிருந்து அடியில் போகிற பாதையை மூடிவிட்டார்கள். வால் (Wall) ஆர்ச் என்று ஒன்று 2008 ஆகஸ்டில் ஒரே இரவில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. காலையில் வந்தவர்களுக்குக் கற்குவியல்.

பாய்வீட்டுப்பிள்ளை (பரங்கிப்பேட்டை) | ஞாயிறு இரவு 9.30

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். எனக்கு மட்டும் படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சவுதியில் பதினான்கு வருடம் டிரெய்லர் ஓட்டினேன். அல்உலா பக்கம் யானைப்பாறை என்று ஒன்று இருக்கிறது. தும்பிக்கையைத் தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி, அதுவும் கல் தோரணம்தான், 52 மீட்டர் உயரம். இப்போது சுற்றி நாற்காலி போட்டுக் காபி விற்கிறார்களாம். நான் போன காலத்தில் அதன் நிழலில் லுங்கி விரித்துப் படுத்திருக்கிறேன். அதிசயம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நிழல் என்று தோன்றியது.

சத்தமில்லாததை அண்ணன் காசு செலவு பண்ணிப் போய்க் கேட்டிருக்கிறார். எனக்கு அதைச் சம்பளத்தோடு கொடுத்தார்கள். ராத்திரி இன்ஜினை அணைத்தால் அப்படி ஒரு அமைதி இறங்கும் பாருங்கள், கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி. வீட்டுக்குப் போன் போட்டால் மனைவியிடம், "கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாதே, போனை அப்படியே திண்ணையில் வை" என்பேன். பின்னால் மீன்காரம்மா கூவுவது கேட்கும், எங்கள் தெரு ஆட்டுக்குட்டி கத்துவது கேட்கும். கார்டு தீரும்வரை கேட்டுக்கொண்டு இருப்பேன்.

கெடிலக்கரை | ஞாயிறு இரவு 9.52

பாய், இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

தேவனாம்பட்டினத்தான் | ஞாயிறு இரவு 10.15

பாய், நீங்கள் சொல்வது சரி. நான் அங்கே இருந்தது ஒரு காலை. மதியம் கார் ஏறினால் பாட்டு, இரவு மகள் வீட்டில் ரசம். பதினான்கு வருடத்தோடு அதை ஒப்பிட எனக்கு வாய் இல்லை. அந்தத் திண்ணைப் போன் விஷயத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அலைபாயுது_21 (புதுச்சேரி முத்தியால்பேட்டை) | திங்கள் காலை 8.05

அங்கிள், கரோனா ஆர்ச்சில் கயிறு கட்டிப் பெரிய ஊஞ்சல் ஆடுகிற வீடியோ பார்த்திருக்கிறேன். செம த்ரில். நீங்கள் போனபோது யாராவது ஆடினார்களா?

தேவனாம்பட்டினத்தான் | திங்கள் காலை 8.40

இல்லை தம்பி, இப்போது ஆட முடியாது. 2013-ல் ஒரு பையன் அப்படி ஆடி இறந்துபோனான். கயிறு தேவையைவிட நீளமாகப் போய்விட்டதாம். 2015-ல் அங்கே கயிறு கட்டி ஆடுவதற்குத் தடை போட்டார்கள். அவனுக்கும் ஏறக்குறைய உன் வயதுதான். நீ போனால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வா, போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பாதையை விட்டு இறங்கினால் மண்மேல் கறுப்பாக, தீய்ந்த அடைத்தட்டு மாதிரி ஒரு பொருக்கு இருக்கும். அது உயிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மணலைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதி மிதித்தால் பழையபடி ஆகப் பல வருடம் பிடிக்கும். பாறையில் நட, இல்லையென்றால் பாதையில் நட. நான் தெரியாமல் ஒரு கால் வைத்துவிட்டேன், மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தேவனாம்பட்டினத்தான் | திங்கள் மதியம் 12.20

வணக்கம். இது அவர் மனைவி. அவர் வங்கிக்குப் போயிருக்கிறார், போனை வைத்துவிட்டுப் போய்விட்டார். சில திருத்தங்கள்.

ஒன்று, அவர் தோரணத்தடியில் அத்தனை நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததற்கு அமைதி மட்டும் காரணம் இல்லை. ஏணியில் இறங்கப் பயம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்க வேண்டுமே என்று நினைத்ததும் முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் நான் முன்னால் இறங்கி, ஒவ்வொரு படியாக அவர் காலைப் பிடித்து வைத்தேன். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எழுபத்தைந்து வயது இருக்கும், எங்களுக்காக மேலே காத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தது மூன்று லிட்டர் தண்ணீர். தூக்கிக்கொண்டு போனது உண்மை, குடித்தது அரை லிட்டர்கூட இல்லை. "வியர்க்கவே இல்லையே, எதற்குத் தண்ணீர்?" என்றார். நம் ஊரில் நாலடி நடந்தால் சட்டை நனைந்துவிடும், அதுவே தண்ணீர் குடி என்று சொல்லும். அங்கே வியர்வை வெளியே வந்த நொடியே காய்ந்துவிடுகிறது, அவ்வளவு வறட்டுக் காற்று. இரவு அவருடைய கறுப்புச் சட்டையில் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு. தலைவலி என்று சுருண்டு படுத்துவிட்டார். அது குளிர் நாளிலேயே அப்படி. முந்திரிக்காடு தம்பி, அப்பாவுக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். மணிக்கு ஒருதரம் நீங்களே நீட்டுங்கள். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போங்கள். ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் என் உதட்டு வெடிப்பு ஆறியது.

காக்கை விஷயத்தையும் அவர் பாதிதான் சொன்னார். புளியோதரை பொட்டலத்தைப் பிரித்ததும்தான் அந்தக் காக்கை வந்தது. நான் ஒரு பிடி எடுத்துப் பாறைமேல் வைக்கப் போனேன். மகள் விடவில்லை, அங்கே காட்டு உயிர் எதற்கும் சோறு வைக்கக் கூடாதாம். காக்கைக்கு வைக்காமல் சாப்பிட்டது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

கல்லுளி | திங்கள் மதியம் 1.05

அம்மா, நீங்கள் தனியாகவே ஒரு கணக்குத் தொடங்கி எழுத வேண்டும்.

தேவனாம்பட்டினத்தான் | திங்கள் மாலை 4.30

போனைப் பூட்டாமல் போனது என் தப்பு. மேலே எழுதியதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன், அந்தப் பாட்டிக்கு எழுபத்தைந்து இருக்காது, அறுபதுதான்.

கெடிலக்கரை | திங்கள் மாலை 5.00

அண்ணே, பேச்சை மாற்றுவதற்குச் சொல்கிறேன். வருகிற ஞாயிறு திருவக்கரை போகலாமா? ஏணி கிடையாது.

கல்லுளி | திங்கள் மாலை 5.25

நானும் வருகிறேன், விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமே. தேசியக் கல்மரப் பூங்கா, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் 1940-லிருந்து இருக்கிறது. சுமார் 247 ஏக்கர். மரங்கள் ஏறக்குறைய 2 கோடி ஆண்டு பழையவை. அவை அங்கேயே முளைத்தவை அல்ல, கிளை, இலை, வேர் எதுவும் இல்லாமல் வெறும் அடிமரமாகத்தான் கிடக்கின்றன. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டுவந்து மணலில் புதைத்தது, அப்புறம் மரத்தின் ஒவ்வொரு நார் இருந்த இடத்திலும் தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா புகுந்து கல்லாயிற்று. ஆண்டு வளையத்தைக்கூட எண்ணிப் பார்க்கலாம் போல இருக்கும், தட்டினால் பீங்கான் சத்தம். 1781-லேயே ஒரு பிரெஞ்சுக்காரர், சோனேரா, இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பௌர்ணமி மட்டும் வேண்டாம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் சாலையே தெரியாது.

பாய்வீட்டுப்பிள்ளை | திங்கள் இரவு 8.10

காலண்டர் பார்த்துவிட்டேன், ஞாயிறு பௌர்ணமி இல்லை. வண்டி நான் கொண்டுவருகிறேன், ஏழு பேர் உட்காரலாம். பரங்கிப்பேட்டையிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறேகாலுக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் நிற்பேன்.

தேவனாம்பட்டினத்தான் | திங்கள் இரவு 8.34

நாங்கள் இரண்டு பேர். புளியோதரை எங்கள் பொறுப்பு. காக்கைக்கும் சேர்த்து.